ஆணி இல்லாத சுவர்: காசிமேட்டு ஆசாரி குலுவில் எதைப் பார்க்கலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. அப்பாவுக்கு 64 வயது, காசிமேட்டில் நாற்பது வருடம் படகு வேலை பார்த்த ஆசாரி. இமாச்சலப் பிரதேசத்து மர வீடுகளைப் பற்றி ஏதோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு, "ஆணியே அடிக்காம நாலு மாடி ஏத்தியிருக்கான், அதை நேர்ல பார்க்கணும்" என்று பிடிவாதமாக இருக்கிறார். ரயில் பயண நாட்கள் நீங்கலாக மே மாதத்தில் எட்டு நாள் கையில் இருக்கிறது. எங்கெங்கே போகலாம், வீடியோவில் சொன்னதுபோல இந்தக் கட்டடங்கள் நிலநடுக்கத்தில் விழவே விழாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இடங்களின் பட்டியலை எந்தச் சுற்றுலா நிறுவனமும் கொடுத்துவிடும். ஆனால் உங்கள் மனதில் இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. மரத்தோடே வாழ்ந்த மனிதர், தூரத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. மூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று அது எப்படிப் பூட்டியிருக்கிறது என்று அவர் கண்ணாலேயே பிடிக்க வேண்டும். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் ராயபுரத்துக்காரன். சிவில் படித்துவிட்டு முப்பது வருடமாகப் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறேன். மண்ணடி, முத்தியால்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளின் சுண்ணாம்புச் சுவரும் மெட்ராஸ் டெரஸ் கூரையும்தான் என் தொழில். இமாச்சலுக்கு நான்கு முறை போயிருக்கிறேன், நான்கு முறையும் கட்டடம் பார்க்கத்தான். அதனால் சுவர், மூட்டு, கூரை, ஈரம் பற்றி நம்பிக்கையோடு சொல்வேன். அங்குள்ள கோயில்களின் சிற்பத்தையும் வழிபாட்டையும் பற்றிப் பேச எனக்குப் பயிற்சி இல்லை. அவற்றை ஊர்க்காரர்களிடமே கேளுங்கள்.

அந்தக் கட்டுமானத்துக்கு அங்கே காட்குணி என்று பெயர். 'காட்' என்றால் மரம், 'குணி' என்றால் மூலை. நாம் கோணம் என்கிறோமே, அந்தச் சொல்லோடு உறவுள்ளதுதான். பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது: எல்லாம் மூலையில் இருக்கிறது. கல் மேடை கட்டி, அதன்மேல் சுவரின் வெளிமுகத்தில் ஒரு தேவதாரு உத்தரம், உள்முகத்தில் ஒரு உத்தரம் என்று இணையாகப் படுக்க வைப்பார்கள். இரண்டும் விலகாமல் இருக்கக் குறுக்கே சிறு கட்டைகளைப் புறா வால் மாதிரி செதுக்கிப் பூட்டுவார்கள். அந்தக் கட்டைக்கு மான்வி என்று பெயர். நடுவில் உள்ள இடைவெளியைக் கல்லால் நிரப்புவார்கள். அடுத்த பக்கத்துச் சுவரின் உத்தரங்கள் மூலையில் இவற்றின்மேல் ஏறி உட்காரும். அதற்கு மேல் மறுபடி இந்தப் பக்கத்து உத்தரம். இப்படி மாறி மாறி ஏறும்போது மூலை முழுக்க மரத்தின்மேல் மரமாக நிற்கும். சுவரின் நடுப்பகுதியில் மட்டும் ஒரு வரி மரம், ஒரு வரி கல் என்று தெரியும். சாந்து கிடையாது, சிமெண்ட் கிடையாது, மண் குழைத்து ஒட்டுவதும் கிடையாது. கல்லை வெறுமனே அடுக்கித்தான் வைக்கிறார்கள். உயரம் ஏற ஏறக் கல் குறைந்து மரம் கூடும், பாரம் கீழேயே தங்கும். உச்சியில் மாடியை வெளியே நீட்டி, மேலே கனமான கற்பலகைக் கூரை போடுவார்கள். அந்தக் கூரையின் எடைதான் சாந்தில்லாத சுவரை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

அப்பாவுக்கு இதைச் சொல்ல நான் கட்டுமரத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். கட்டுமரத்தில் ஆணி ஏது? மரங்களைச் சேர்த்து வைத்துக் கயிற்றால் கட்டுகிறோம். அலை தூக்கி அடிக்கும்போது கட்டைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் உரசி, நெளிந்து, மறுபடி சேர்ந்துகொள்ளும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள். துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பலில் இருந்து ஆளையும் சரக்கையும் இறக்கிய மசூலா படகும் அப்படித்தான். பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். நம் கடற்கரையின் அலை அடிக்கிற அடியில் விறைப்பாக ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். காட்குணிச் சுவரும் அதே கணக்குத்தான். அங்கே அலை தண்ணீரில் வருவதில்லை, தரையில் வருகிறது. தரை ஆடும்போது கல் கல்லோடு உரசுகிறது, மரம் மரத்தின்மேல் மயிரிழை நகர்கிறது. ஆட்டத்தின் வேகம் அந்த உரசலிலேயே பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. படுக்கை உத்தரங்கள் சுவர் வெளியே பிதுங்காமல் சுற்றிக் கட்டிப் பிடிக்கின்றன. இன்று நாம் செங்கல் வீட்டில் ஜன்னல் மட்டத்துக்கு மேல் சுற்றிலும் கான்கிரீட் லிண்டல் ஓட்டுகிறோமே, அந்த வேலையை அவர்கள் ஒவ்வொரு இரண்டாவது வரியிலும் மரத்தால் செய்திருக்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தாலும், உண்மையாகப் புரிந்தது குலு மாவட்டத்துப் பஞ்சார் பள்ளத்தாக்கில் ஒரு ஊரில்தான். ஒரு பழைய வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் வீடு இடிப்பது என்றால் கடப்பாரை, தூசி, லாரி. அங்கே தூசியே இல்லை. மேலிருந்து ஒவ்வொரு உத்தரமாக இறக்கி, சுண்ணக்கட்டியால் எண் போட்டு, நிழலில் அடுக்கிவைத்தார்கள். நான்கு பேர், ஒரு கோடாரி, இரண்டு மரச் சுத்தியல். மூலையில் இருந்த மர முளையைத் தட்டி எடுத்ததும் உத்தரம் கைக்கு வந்துவிட்டது. அந்த முனையைக் கையால் தடவிப் பார்த்தேன். எத்தனை தலைமுறை தாங்கியதோ, வெட்டின விளிம்பு இன்னும் கூர்மையாக இருந்தது, எண்ணெய்ப் பசையோடு தேவதாரு வாசனையும் வந்தது. பூச்சி அண்டாமல் காப்பது அந்த எண்ணெய்தான். இருபது அடி தள்ளி, அதே மரங்களை வைத்துப் புது மேடையில் வீடு எழுப்பப் போவதாக மூத்த மிஸ்திரி சொன்னார். அங்கும் மிஸ்திரி என்றுதான் சொல்கிறார்கள், அப்பாவுக்கு அந்த ஒரு சொல் போதும், பேச்சு தொடங்கிவிடும்.

சரி, நிலநடுக்கத்தில் விழாதா? 1905 ஏப்ரல் 4 காலை நடந்த காங்ரா நிலநடுக்கத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். காங்ரா கோட்டை பெரும் சேதம் அடைந்தது, பிரஜேஸ்வரி கோயில் விழுந்தது. குலு பள்ளத்தாக்கில் காட்குணி முறையில் கட்டிய நக்கர் கோட்டை நின்றது. இதை வைத்துத்தான் வீடியோக்களில் 'விழவே விழாது' என்கிறார்கள். நக்கர் நின்றது உண்மை. ஆனால் காங்ரா ஆட்டத்தின் மையத்துக்கு அருகே இருந்தது, நக்கர் தள்ளி இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து மரம் வென்றது, கல் தோற்றது என்று தீர்ப்பு எழுதுவது சரியல்ல. மேலும் சைனி என்ற ஊரில் உள்ள காட்குணிக் கோபுரம் அதே 1905இல் மேல் மாடிகளை இழந்தது. ஆகவே நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மூட்டுக் கெடாமல், அடித்தளம் நகராமல் பராமரித்த காட்குணிக் கட்டடம், சாந்து வைத்துக் கட்டிய வெறும் கல் சுவரைவிட ஆட்டத்தை நன்றாகத் தாங்கும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விழவே விழாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

2023 மழைக்காலத்தில் மணாலி, குலு, சிம்லாப் பக்கம் கான்கிரீட் கட்டடங்கள் சரிந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதையும் காட்குணியின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆற்றங்கரையிலும் வெட்டிய சரிவிலும் வைத்தால் எந்தக் கட்டடமும் போகும். பழைய ஊர்கள் ஆற்றை விட்டு மேலே, பாறை உறுதியாக உள்ள மேட்டில் இருக்கின்றன. முன்னோர் இடம் பார்த்த அறிவுக்குப் பாதிப் பெருமையாவது கொடுக்க வேண்டும். அப்புறம், இந்தக் கட்டடங்களுக்கு நிலநடுக்கத்தைவிடப் பெரிய எதிரி தீ. குளிர்காலத்தில் காய்ந்த மரம், உள்ளே அடுப்பு, பக்கத்துப் பக்கத்து வீடுகள், மாடியில் குவித்த வைக்கோல். மலானா ஊரில் 2008இல் பிடித்த தீயில் பழைய மர வீடுகளும் கோயில் கட்டடங்களும் எரிந்துபோயின. தீப்பிடித்த இடத்தில் பிரித்து அடுக்க எதுவும் மிஞ்சாது.

ஆணியே இல்லை என்பதிலும் ஒரு திருத்தம். சுவரின் உடம்பில் ஆணி இல்லை என்பது சரி, மர முளையும் பூட்டும்தான். ஆனால் மாடி வராந்தாப் பலகை, கூரைப் பலகை, பின்னால் செய்த பழுதுகள் இவற்றில் இரும்பு ஆணி பார்ப்பீர்கள். அப்பா அதைக் கண்டதும் ஏமாற்றம் அடைய வேண்டாம். வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரம் வருடம், ஆயிரத்து ஐந்நூறு வருடம் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். உத்தரம் மாற்றி, பிரித்து அடுக்கி வாழும் கட்டடத்துக்கு வயது சொல்வது கடினம். இடம் பழையதாக இருக்கும், அடித்தளக் கல் பழையதாக இருக்கும், நாலாவது வரி மரம் தாத்தா காலத்தில் போட்டதாக இருக்கும்.

இனி இடங்கள். மணாலியில் தங்காதீர்கள், நக்கரில் தங்குங்கள். மணாலியில் இருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், மே மாதக் கூட்டத்தில் பாதிகூட இருக்காது. நக்கர் குலு அரசர்களின் பழைய தலைநகர். அங்குள்ள கோட்டை சுமார் 1460இல் ராஜா சித் சிங் கட்டியது என்பது வழக்கு. அதற்கான கல்லை பியாஸ் ஆற்றின் அக்கரையில் இருந்து மனிதர்கள் வரிசையாக நின்று கை மாற்றிக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள், கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். 1978 முதல் மாநில சுற்றுலாக் கழகம் அதை விடுதியாக நடத்துகிறது. முற்றத்தில் நின்றால் மூலைகள் பூச்சில்லாமல் கண்முன்னே இருக்கும். காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள், சாய்ந்த வெயிலில் மரத்துக்கும் கல்லுக்கும் இடையிலான கோடு தெளிவாக விழும். அதே ஊரில் கௌரி சங்கர் கோயில் முழுக் கல்லில், வளைந்த சிகரத்தோடு இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் திரிபுரசுந்தரி கோயில் மூன்றடுக்கு மரக் கூரையோடு இருக்கிறது. ஒரே ஊரில் கல் தச்சரும் மரத் தச்சரும் எதிரெதிரே பேசிக்கொள்வதுபோல இருக்கும். நான்கு பயணத்திலும் நான் அதிக நேரம் உட்கார்ந்தது அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மணாலியில் பார்க்க வேண்டியது ஹிடிம்பா கோயில். நம் பீமனின் இடும்பிதான் அங்கே தெய்வம். ராஜா பகதூர் சிங் 1553இல் கட்டியது. சதுரமான மூன்று மரக் கூரைகள், அதன்மேல் உலோகம் போர்த்திய கூம்பு, உயரம் சுமார் 24 மீட்டர். வரிசையில் நிற்கும்போது வாசல் நிலையின் செதுக்கலைப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே போனால் பார்க்க நேரம் கிடைக்காது. குலுவுக்குத் தெற்கே பஜௌராவில் உள்ள பிஷேஷ்வர் மகாதேவ் கோயில் கல் கட்டடம், பொதுவாக 9ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். சாலைக்குப் பக்கம், ஏற்றம் இல்லை, முழங்கால் வலிக்கு நல்லது.

அப்பாவுக்காக நான் கட்டாயம் சேர்ப்பது பஞ்சார் பள்ளத்தாக்கு. மேலே சொன்ன சைனி கோபுரம் அங்கேதான். சாலை முடிந்த பிறகு ஏறித்தான் போக வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் கவலையில்லை, கீழே உள்ள ஊர்களில் சாதாரண வீடுகளே போதும். உண்மையில் அவருக்கு அரண்மனையைவிட மாட்டுத் தொழுவம் அதிகம் சொல்லிக்கொடுக்கும். காட்குணி வீட்டில் தரைத்தளம் மாட்டுக்கு, நடு மாடி தானியத்துக்கு, மேல் மாடி மனிதருக்கு. கீழே மாடுகளின் உடல் சூடு மேலே ஏறி வீட்டைக் காக்கும். தொழுவத்தை யாரும் பூசி மறைப்பதில்லை, அதனால் மான்விக் கட்டையின் முனை, முளை, இடைவெளியில் நிரப்பிய கல் எல்லாம் திறந்தே கிடக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, டார்ச் அடித்து உள்மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் வண்ணாரப்பேட்டை வீடுகளில் தேக்கு உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்து ஈரத்தில் மக்கிப்போவதை வருடம் முழுக்கப் பார்க்கிறேன். அங்கே மரத்தின் முனை காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது, நனைந்தாலும் காய்ந்துவிடுகிறது. அந்தச் சுவருக்கும் இப்போது சிலர் சிமெண்ட் பூசுகிறார்கள். அப்படிப் பூசிய ஒரு மூலையை விரலால் அழுத்தினேன், நனைந்த ரொட்டி மாதிரி உள்ளே போனது. புது மரம் எளிதில் கிடைப்பதில்லை, தேவதாரு வெட்டக் கட்டுப்பாடு உண்டு, அது காட்டுக்கு நல்லதும்கூட. அதனால்தான் இருக்கிற மரத்தைக் காய விடுவது இவ்வளவு முக்கியம்.

ஊர்க் கோயில்களில் ஒரு எச்சரிக்கை. பல இடங்களில் வெளியாட்கள் மேடையில் ஏறவோ சுவரைத் தொடவோ கூடாது. மலானாவில் இது மிகக் கண்டிப்பு. பெல்ட், பர்ஸ் போன்ற தோல் சாமான்களையும் பல கோயில்களில் வெளியே வைக்கச் சொல்வார்கள். மரத்தைக் கண்டால் அப்பாவின் கை தானாகப் போகும், முதலிலேயே சொல்லி வையுங்கள். வீடுகளில் கேட்டால் தாராளமாகத் தொடவிடுவார்கள்.

எட்டு நாளில் சராஹன் பீமகாளி கோயிலைச் சேர்த்தால் நெருக்கடியாகும். ஸ்பிட்டியில் உள்ள தாபோ மடம் 996இல் நிறுவப்பட்டது, முழுக்க மண் சுவர், உள்ளே ஓவியம். ஆனால் 3,000 மீட்டருக்கு மேல் உயரம், சாலை நீளம், முதல் மலைப் பயணத்தில் 64 வயதுக்காரரை அங்கே அழைத்துப் போகச் சொல்லமாட்டேன். சம்பாப் பக்கம் பர்மௌரில் உள்ள லக்ஷணா தேவி கோயில் இந்தப் பயணத்தில் இல்லை என்பதில்தான் எனக்கு வருத்தம். மேருவர்மன் என்ற அரசர் காலத்தது, சுமார் ஆயிரத்து முந்நூறு வருடப் பழைய மரச் செதுக்கல் இன்னும் இருக்கிறது. அங்குள்ள உலோகச் சிலையின் பீடத்தில் அரசர் பெயரோடு, செய்த கைவினைஞர் குக்காவின் பெயரும் பொறித்திருக்கிறது. இன்னொரு முறை போனால் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசி இரண்டு நாளைச் சிம்லாவுக்கு வையுங்கள். பஞ்சாரில் இருந்து ஜலோரி கணவாய் வழியே நேராகப் போகலாம், ஆனால் 3,000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் செங்குத்துச் சாலை. மண்டி வழியே போவது உடம்புக்கு இதம். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகை 1888இல் முடிந்தது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். நாம் பாரிமுனையில் தினமும் கடந்து போகும் உயர் நீதிமன்றத்தை 1892இல் முடித்தவரும் அவர்தான், எழும்பூர் ரயில் நிலையமும் அவர் வடிவமைப்புதான். நீதிமன்றத்தின் சிவப்புச் செங்கல்லையும் குவிமாடங்களையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள். அதே கை மலையில் சாம்பல் கல்லையும் சாய்ந்த கூரையையும் எடுத்து எவ்வளவு வேறாக வேலை செய்திருக்கிறது என்று தெரியும். உள்ளே பர்மா தேக்கு. இப்போது அங்கே உயர் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன்தான் அந்த மாளிகையைப் படிப்புக்கு விட்டுக்கொடுத்தார். திங்கட்கிழமை பார்வையாளருக்கு விடுமுறை, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது சிம்லாவில் இருந்து கால்காவுக்குக் குறுகிய ரயில் பாதையில் வாருங்கள். 1903இல் திறந்தது, 96 கிலோமீட்டர், 102 சுரங்கங்கள். முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும், டிக்கெட்டை இப்போதே பாருங்கள். கல் பாலங்களில் வளைவின் மேல் வளைவாக மூன்று, நான்கு அடுக்கு ஏறியிருக்கும், வண்டி வளையும்போது தெரியும். பையில் ஒரு டார்ச், அளவு டேப், பென்சில், நோட்டுப் புத்தகம் வையுங்கள். அங்குள்ள மிஸ்திரிகளோடு அப்பா இந்தியில் பேச வேண்டியதில்லை. மூட்டை வரைந்து காட்டினால் அவர்கள் பென்சிலை வாங்கித் திருத்திக் கொடுப்பார்கள், எனக்கு அப்படித்தான் நடந்தது.